தாத்தாவின் பறையும் மஹாலியாவின் பாட்டும்

(உத்திரமேரூர் வட்டத்தில் உள்ள ஒரு காலனியின் மாலை நேரப் படிப்பகத்தில், டிசம்பர் மாதத் தொடக்கத்தில் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்.)



இதே படிப்பகத்தில், இதே டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து படித்தவள் நான். இன்றைக்கு ஆய்வு மாணவி என்று சொல்லி என் கையில் மைக் கொடுத்திருக்கிறீர்கள். முன் வரிசையில் என் ஆயா உட்கார்ந்திருக்கிறார். அதனால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

நான் ஏன் வந்திருக்கிறேன் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். போன மாதம் தம்பி ஒருவன் போன் செய்தான். "அக்கா, இந்த வருஷம் கிறிஸ்துமஸ் பஜனைக்குப் பறை எடுக்கலாம்னு பசங்க சொல்றாங்க. பெரியவங்க கூடவே கூடாதுங்கறாங்க. ரெண்டு பக்கமும் பேச்சு முத்திப்போச்சு. நீ வந்து ஏதாவது சொல்லு" என்றான். தீர்ப்புச் சொல்ல நான் நாட்டாமை இல்லை. இரண்டு பாடகர்களின் கதையைச் சொல்கிறேன். இரண்டு பேரும் சாமிப் பாட்டுப் பாடியவர்கள். ஒருவர் அமெரிக்காவின் மஹாலியா ஜாக்சன். இன்னொருவர் மதுரையில் வாழ்ந்த தியோபிலஸ் அப்பாவு. அவரைப் 'பரட்டை அண்ணன்' என்றால்தான் பலருக்குத் தெரியும்.

அதற்கு முன் நம் வீட்டுக் கதை.

என் தாத்தா பறை அடித்தவர். ஊரில் எழவு விழுந்தால் ஆள் வரும். இவர் போவார். போகமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்குக் கிடையாது. விடிய விடிய அடிப்பார். கொஞ்சம் நெல், கொஞ்சம் சாராயம், சாப்பாடு என்றால் தூக்குச் சட்டியில் தூரமாக வைப்பது. இதுதான் கூலி. பிறகு குடும்பம் கிறிஸ்தவத்துக்குப் போனது. ஞானஸ்நானம் எடுத்த பிறகு வந்த முதல் பண்டிகைக்கு, ஆசையாகப் பறையைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறார். வாசலிலேயே உபதேசியார் நிறுத்திவிட்டார். "சாவு மேளத்தை ஆண்டவர் சந்நிதிக்குக் கொண்டு வரலாமா?" என்று கேட்டாராம். தாத்தா பறையை வேப்பமரத்தில் மாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். ஊருக்குள் அடித்தே ஆக வேண்டும், கோயிலுக்குள் அடிக்கவே கூடாது. இரண்டு இடத்திலும் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சித்தப்பா காலத்தில் வாலிபர்கள் கூடிப் பேசி, இனி யார் எழவுக்கும் பறை அடிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். சித்தப்பா தாத்தாவின் பறையைத் தெருவில் போட்டு உடைத்தார். அதற்காக எத்தனை நாள் ஊரில் வேலை தரவில்லை என்பதை ஆயாவிடம் கேளுங்கள். இன்றைக்கு 'பறை வேண்டாம்' என்று சொல்லும் பெரியவர்களைப் பிற்போக்கு என்று தம்பிகள் பேசுகிறீர்கள். அவர்கள் அந்த வேண்டாமுக்கு விலை கொடுத்தவர்கள். தெற்கு ஆற்காட்டில் எல். இளையபெருமாள் முன்னெடுத்த பறை மறுப்புப் போராட்டமும் இதே வரலாறுதான். அதை ஓரமாக வைத்துவிட்டுப் பறையைப் பற்றிப் பேச முடியாது.

சரி, இனி மஹாலியா.

1911-ல் அமெரிக்காவின் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா பாட்டி அடிமைகளாகப் பிறந்தவர்கள். ஐந்து வயது வாக்கில் அம்மா இறந்துவிட, பெரியம்மா வீட்டில் வளர்ந்தார். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. வெள்ளைக்காரர் வீட்டுத் துணி துவைத்தார், பிள்ளை பார்த்துக்கொண்டார். பாடியது பாப்டிஸ்ட் கோயிலில். ஆனால் அவருடைய பாட்டுக்குத் தாளம் வந்தது பக்கத்தில் இருந்த இன்னொரு கோயிலிலிருந்து. அது பரம ஏழைகள் கூடுகிற சபை. அங்கே ஆர்கன் கிடையாது. டிரம், தாம்பூரின், கைத்தட்டு, கால்தட்டு. அந்தச் சத்தம்தான் என் பாட்டுக்குள் இருக்கிறது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1739-ல் தெற்குக் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றுப் பக்கம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். டிரம் அடித்து ஆள் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு வந்த சட்டம், அடிமைகள் டிரம் வைத்திருப்பதைத் தடை செய்தது. கறுப்பர் கையில் டிரம் இருந்தால் அது செய்தி சொல்லும், ஆளைக் கூட்டும் என்று முதலாளிகளுக்குப் பயம். அதனால் பிடுங்கினார்கள். அவர்கள் கையால் தட்டினார்கள், காலால் தரையை மிதித்தார்கள், பாட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

நமக்கு நடந்தது நேர்மாறு. நம்மிடமிருந்து யாரும் பறையைப் பிடுங்கவில்லை. இது உன் பிறப்பு, நீதான் அடிக்க வேண்டும் என்று கட்டாயமாகத் தோளில் மாட்டினார்கள். அதனால் அமெரிக்கக் கறுப்பருக்கு டிரம் திரும்பக் கிடைத்தது விடுதலையாக இருந்தது. நமக்குப் பறையைக் கீழே போட்டது விடுதலையாக இருந்தது. வெளியே பார்த்தால் எதிரெதிர் மாதிரி தெரியும். அங்கேயும் இங்கேயும் பறிபோனது ஒன்றுதான்: எதை அடிப்பது, எப்போது அடிப்பது, யாருக்காக அடிப்பது என்று தானே முடிவு செய்யும் உரிமை.

மஹாலியா 1927-ல் சிகாகோவுக்குப் போனார். அங்கே படித்த, வசதியான கறுப்பர்களின் பெரிய கோயில்கள் இருந்தன. வெள்ளைக்காரரைப் போல அடங்கி நின்று பாடுவதே அந்தக் கோயில்களில் மரியாதை. இவர் உடம்பை அசைத்து, அழுது, கத்திப் பாடுவதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். 1932-ல் நான்கு டாலர் சேர்த்து ஒரு பாட்டு வாத்தியாரிடம் போனார். அவரும் கறுப்பர்தான். இப்படிக் கத்துவதை நிறுத்து, இது நம் இனத்துக்கே அவமானம் என்கிற மாதிரி சொன்னார். மஹாலியா எடுத்துக்கொண்ட பாட்டு வகுப்பு அந்த ஒன்றுதான்.

இந்த வாத்தியார் நமக்குத் தெரியாத ஆள் இல்லை. கொஞ்சம் முன்னேறியதும் நம்மிலேயே சிலருக்கு நம் சத்தம் கூச்சமாகிவிடும். வேப்பமரத்துப் பக்கம் கை காட்டிய உபதேசியாரும் வேறு ஜாதிக்காரர் இல்லை, நம் ஆள்தான். அவரைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. மேலே இருப்பவனைப் போலப் பாடினால்தான் மனிதனாக மதிப்பான் என்று அவருக்கும் யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

மஹாலியா தன் சத்தத்தை மாற்றவில்லை. புளூஸ் பியானோ வாசித்துவிட்டுக் கோயில் பாட்டுக்கு வந்த தாமஸ் டார்சியோடு சேர்ந்து ஊர் ஊராகப் பாடினார். வயிற்றுக்குப் பாட்டை மட்டும் நம்பாமல் அழகு நிலையம் வைத்தார். 1947-ல் பதிவு செய்த ஓர் இசைத்தட்டு பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. 1950-ல் நியூயார்க்கின் கார்னகி அரங்கத்தில் பாடினார். மதுக்கூடங்களில் பாட எவ்வளவு பணம் தருகிறோம் என்றபோதும் போகவில்லை. கோயில் பாட்டுக்குக் கூலி கேட்க அவர் வெட்கப்படவும் இல்லை. பலமுறை ஏமாந்த பிறகு, பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டுதான் மேடை ஏறினார். என் தாத்தாவின் நெல்லையும் சாராயத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனாலும் நிறம் விடவில்லை. தெற்கே பாடப் போனால் ஓட்டலில் சோறும் கிடைக்காது, படுக்க அறையும் கிடைக்காது. பெரிய கார் வாங்கினார். அது பந்தாவுக்கு இல்லை, உள்ளேயே சாப்பாடு வைத்துக்கொண்டு அதிலேயே படுத்துத் தூங்குவதற்கு. சிகாகோவில் வெள்ளைக்காரர் வசிக்கும் பகுதியில் வீடு வாங்கியபோது ஜன்னலில் துப்பாக்கியால் சுட்டார்கள். அவர் பாட்டைக் காசு கொடுத்துக் கேட்டவர்களுக்கு, பாடியவர் பக்கத்து வீட்டுக்காரியாக வருவது பொறுக்கவில்லை.

1956-ல் மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டக்காரர்களுக்காகப் போய்ப் பாடினார். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணியில் பாடினார். மார்ட்டின் லூதர் கிங் எழுதி வைத்த உரையைப் படித்துக்கொண்டிருந்தபோது, கனவைப் பற்றிச் சொல்லுங்கள் மார்ட்டின் என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தவர் இவர்தான் என்று அருகில் இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1968-ல் கிங்கின் இறுதி நிகழ்விலும் பாடினார்.

அவரைத் தெய்வமாக்க வேண்டாம். பல வருடம் அவருக்குப் பியானோ வாசித்த மில்ட்ரெட் ஃபால்ஸ் என்ற பெண்ணுக்கு உரிய சம்பளம் தரவில்லை என்ற விமர்சனம் அவர்மேல் உண்டு. தன் கூலிக்கு நின்றவர் அடுத்தவர் கூலியில் தவறினார். இயக்கத்தில் இருக்கும் நாம் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1971-ல் மஹாலியா இந்தியாவுக்கு வந்தார். டெல்லியில் அவர் பாடியதைக் கேட்கப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் பாடினார். நம் சென்னையிலும் பாடினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் இறந்துபோனார். சென்னை இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர். அந்த வருடம் என் தாத்தா இந்தத் தெருவில் உயிரோடு இருந்தார். எழவுக்குக் கூப்பிட்டால் போய்க்கொண்டிருந்தார். அடிமைகளின் பேத்தி பாடுவதைச் சென்னையில் கைதட்டிக் கேட்டவர்களில் எத்தனை பேர், தங்கள் சொந்த ஊரில் யார் பறை அடிக்கிறார்கள், அவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று யோசித்திருப்பார்கள்?

இனி நம் கோயில் பாட்டுக்கு வருகிறேன். நம் கோயிலில் இரண்டு புத்தகப் பாட்டு உண்டு. பாமாலை, கீர்த்தனை. பாமாலை வெள்ளைக்காரர் மெட்டு. கீர்த்தனை கச்சேரி ராகம். மூன்றாவதாக, களையெடுக்கும்போதும் நாற்று நடும்போதும் ஆயா பாடுகிற மெட்டு. அது புத்தகத்தில் இல்லை.

கீர்த்தனை என்றால் முதலில் வரும் பெயர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774-ல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியவர். பெரிய கவிஞர், அதில் சந்தேகமில்லை. 1820-களில் வந்த புது மிஷனரிகள் தமிழ்ப் பாட்டை ஒதுக்கப் பார்த்தபோது அவர் எதிர்த்து நின்றார். அதற்காக அவரை மதிக்கலாம். அதே மிஷனரிகள், பறையர் கிறிஸ்தவர்களும் வேளாளர் கிறிஸ்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்து நற்கருணை வாங்க வேண்டும் என்றபோது அதையும் எதிர்த்தார். தமிழ்ப் பாட்டையும் ஜாதி வரிசையையும் ஒரே மூச்சில் காப்பாற்றப் பார்த்தார். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் ஜாதியை விடாமல் சபையை விட்டுப் போனார்கள். பாட்டு அழகாக இருந்தால் போதும், மனசு மாறிவிடும் என்று யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நம் ஊரில் போதகரை இன்னும் 'ஐயர்' என்றுதானே கூப்பிடுகிறோம்? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், செத்த பிறகும் தலித் கிறிஸ்தவரைப் பிரிக்கச் சுவர் கட்டி வைத்ததும் தெரிந்ததுதானே?

இந்த இடத்தில்தான் பரட்டை வருகிறார். ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. 1940-ல் பிறந்தவர். தென்னிந்தியத் திருச்சபையின் போதகர். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். தலைமுடி கலைந்தே இருப்பதால் பரட்டை என்று பெயர். அதையே அவர் தன் பெயராக வைத்துக்கொண்டார். 'ஐயர்' என்று அழைக்கப்பட வேண்டியவர் 'பரட்டை அண்ணன்' என்று கூப்பிட வைத்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அவர் கிராமத்து மெட்டில் சாமிப் பாட்டுக் கட்டினார். பேச்சுத் தமிழில் எழுதினார். முழு வழிபாட்டையே கிராமிய இசையில் அமைத்தார். அதில் பறையைக் கொண்டுவந்தார். மெட்டிலேயே ஜாதி இருக்கிறது என்பது அவர் வாதம். கச்சேரி சங்கீதம் கற்றுக்கொள்ளக் காசு வேண்டும், நேரம் வேண்டும், சேர்த்துக்கொள்ளும் குரு வேண்டும். அந்தச் சங்கீதத்தில்தான் கடவுளைத் துதிக்க முடியும் என்றால், சேரிக்காரர் காலமெல்லாம் கேட்பவராகவே இருக்க வேண்டும். கிராமத்துப் பாட்டு அப்படியில்லை. ஒருமுறை கேட்டால் பாடிவிடலாம். இரண்டாம் முறை மாற்றியும் பாடலாம்.

மாற்றிப் பாடுவதை அவர் விரும்பினார். கல்லூரியில் படித்துவிட்டுக் கிராமங்களுக்குப் போன மாணவர்கள் வழியாகவும் கேசட் வழியாகவும் அவர் பாட்டு பரவியது. போன இடத்தில் பெண்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி மாற்றிக்கொண்டார்கள். சோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் இதையெல்லாம் பல வருடம் பின்தொடர்ந்து, 2014-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். எழுதினவர் ஒருவர், மாற்றக்கூடாது, பாடினால் தண்டம் என்பதெல்லாம் பரட்டையிடம் கிடையாது. பாட்டை மாற்றத் தெரிந்தவர்களுக்கு விதியையும் மாற்றத் தெரியும் என்று அவர் நம்பினார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

கடவுளை அவர் 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அந்தச் சொல் அப்பாவுக்கும் பொருந்தும், அம்மாவுக்கும் பொருந்தும். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன இன்னொரு சொல் 'ஒரே உலை'. எல்லோரும் கொண்டுவந்ததை ஒரே பானையில் போட்டு உலை வைத்து, எல்லோரும் அதிலிருந்து சாப்பிடுவது. அப்பத்தையும் ரசத்தையும் பீடத்தில் வைத்துப் பங்கிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தனித்தனிப் பானையில் சாப்பிட்டால் என்ன நற்கருணை என்பது அவர் கேள்வி. சாஸ்திரியார் தடுத்தது எதுவோ, அதையே இவர் பாட்டின் நடுவில் வைத்தார். 2005-ல் இறந்துபோனார்.

பானை என்றதும் நம் ஊர்ப் பானை ஞாபகம் வருகிறது. உத்திரமேரூர் என்றாலே குடவோலை என்பார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டு. ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். போய்ப் படித்துப் பாருங்கள். குடத்தில் பெயர் போட வேண்டுமென்றால், வரி கட்டும் நிலம் கால் வேலி சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-லிருந்து 70-க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது சதுர்வேதிமங்கலத்துச் சபை, பிராமணர்களின் சபை. அந்தக் குடத்துக்குள் என் தாத்தாவின் பாட்டன் பெயரும் இல்லை, எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. ஆனால் அந்த ஊரின் நிலத்தில் நாற்று நட்டவர்களும், சாவுக்கு மேளம் அடித்தவர்களும் இருந்திருப்பார்கள்தானே? முடிவு எடுக்கிற பானை ஒரு பக்கம். சோறு பொங்குகிற பானை இன்னொரு பக்கம். பரட்டை இரண்டாவது பானையிலிருந்து பேச ஆரம்பித்தார்.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன்.

சித்தப்பா பறையை உடைத்ததும், பரட்டை பறையைக் கோயிலுக்குள் கொண்டுபோனதும் எதிரெதிரான காரியங்கள் என்று நான் நினைக்கவில்லை. முதலாவது நடக்காமல் இரண்டாவது நடந்திருந்தால், அது பழைய அடிமை வேலையையே கோயிலுக்குள் தொடர்வதாக இருந்திருக்கும். "நான் அடிக்க மாட்டேன்" என்று சொல்ல முடிந்த ஆளுக்குத்தான் "நான் அடிப்பேன்" என்று சொல்லும் உரிமை முழுதாக வருகிறது. தம்பிகளே, நீங்கள் இன்று ஆசையாகப் பறை எடுக்க முடிகிறதென்றால், உங்கள் சித்தப்பாக்கள் அதை உடைத்ததால்தான். டிசம்பரில் பறை எடுப்பதற்கு முன், உடைத்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்தக் கதையை முழுதாகக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் முதல் அடியை அவர்களே அடிக்கட்டும். சம்மதிக்கவில்லை என்றால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். அவர்கள் மறுப்புக்கு அந்த மரியாதை உண்டு.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கீபோர்டும் டிரம் செட்டும் வாடகைக்கு எடுத்தால் கௌரவம், பறை எடுத்தால் அவமானம் என்பது நாமாக யோசித்த யோசனையா? அந்த நான்கு டாலர் வாத்தியாரின் குரல் நமக்குள் எங்கேயோ கேட்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

பறை எடுப்பதென்று முடிவானால் இன்னும் மூன்று கேள்வி இருக்கிறது. ஒன்று, பஜனை எந்தத் தெரு வரைக்கும் போகும்? எனக்குத் தெரிந்து இருபது வருடமாகக் காலனியின் கடைசி வீட்டோடு திரும்பி வருகிறோம். ஊர்த் தெருவில் போக வேண்டும் என்று நாம் கேட்டதும் இல்லை. இரண்டு, நாளைக்கு ஊரில் ஒருவர் எழவு வீட்டுக்கு வந்து அடிக்கச் சொன்னால் என்ன பதில்? அந்தப் பதிலை இன்றே பேசி வைக்க வேண்டும். காசு கூடக் கொடுத்தால் போகலாம் என்று யாராவது முணுமுணுத்தால், சித்தப்பா முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். மூன்று, குச்சி யார் கையில்? தங்கைகள் கும்மியடிக்கவும் சோறாக்கவும் மட்டும்தானா? பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டாம், கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பஜனை முடிந்ததும் பொங்கல் வைப்போம் என்று தம்பி சொன்னான். வீட்டுக்கு ஒரு ஆழாக்கு அரிசி வாங்கி ஒரே பானையில் வையுங்கள். கிறிஸ்தவர் வீடு, இந்து வீடு, பௌத்தர் வீடு என்று பார்க்க வேண்டாம். இந்தத் தெருவில் மூன்றும் இருக்கிறது. கூப்பிட்டால் ஊரிலிருந்து வந்து உட்கார்ந்து சாப்பிட நாலு பேர் இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். என்னோடு பள்ளியில் படித்த இரண்டு பேரை நான் கூப்பிடுகிறேன். வருவார்களா என்று எனக்கும் தெரியாது.

ஆயா இவ்வளவு நேரம் ஒன்றும் பேசவில்லை. இங்கே வரும்போது அவரிடம் கேட்டேன், தாத்தாவின் பறை உடைந்தபோது நீ அழுதியா என்று. "பறைக்கு அழல. இனிமே ராத்திரியில அந்த மனுஷன வந்து கூப்பிட மாட்டாங்கன்னு நிம்மதியா இருந்துச்சு. ஆனா அவுரு கை மட்டும் ரொம்ப நாள் தொடையில தட்டிக்கிட்டே இருந்துச்சு" என்றார்.

அந்தக் கையை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். எந்த முடிவானாலும் இருபத்து நான்காம் தேதி ராத்திரி நான் வருகிறேன்.